பிரஷ் கழுவுற அம்மா

பொன்னுத்தாய் பராமரிக்கும் பிரஷ்கள் பதினோரு மாதம் உழைக்கும். மற்றவர்கள் கையில் நான்கு மாதம் தாண்டாது.

கரூர் பைபாஸில் இருந்த அந்தத் துப்புரவுக் கம்பெனிக்கு, கல்யாண மண்டபங்களின் கார்பெட் கழுவும் மெஷின்கள் ஆறு இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு உருளை பிரஷ்கள். ஒரு முகூர்த்தம் முடிந்தால் போதும், தலைமுடியும் ஜரிகையும் பூச்சரத்து வாழைநாரும் அவற்றில் இறுகச் சுற்றிக்கொள்ளும். துறையூரிலிருந்து பிழைக்க வந்த பொன்னுத்தாய் ஒன்பது வருடமாக அவற்றைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர் வளவன் ஒருநாள் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“உங்க பிரஷ் மட்டும் எப்படிம்மா இவ்வளவு நாள் நிக்குது?”

இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அவள் ஒன்று விடாமல் சொன்னாள். முடியை இழுக்கக் கூடாது, தையல் பிரிக்கிற ஊசியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கை பொறுக்கிற சூட்டுக்கு மேல் தண்ணீர் ஆகாது. ஈரம் போகும்வரை தொங்கவிட வேண்டும். மெஷினைப் பிரஷ் மேல் நிறுத்தினால் இழை ஒருபக்கமாகப் படுத்துவிடும். வளவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டான்.

“முகம் வேணாம்மா, கை மட்டும் போதும்.”

அதற்கே அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் ஊழியர் எல்லோருக்கும் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். முதலாளி முருகானந்தம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் பொன்னுத்தாயின் கைகள் வேலை செய்தன. குரல் மட்டும் வளவனுடையது.

“ராப்பகலா நானே ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்ச முறை இது.”

கூட வேலை பார்க்கும் மஹ்ஜபீன் அவள் தொடையைக் கிள்ளினாள். “அக்கா, இது உங்க கைதானே?”

பொன்னுத்தாய் அவள் கையை விலக்கிவிட்டுத் திரையையே பார்த்தாள். ஆனால் வளவன் தன் பங்குக்கு, “நல்லா கொதிக்கிற தண்ணியில அரை மணி நேரம் ஊறப்போடுங்க, கிருமி சாகும்” என்றதும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்தாள்.

“சார், கொதிக்கிற தண்ணி ஊத்தினா நைலான் இழை வளைஞ்சிருங்க. அப்புறம் நிமிராதுங்க.”

முருகானந்தம் திரும்பிப் பார்த்தார். “யார் இவங்க?”

“பிரஷ் கழுவுற அம்மா சார். புதுசா எது சொன்னாலும் ஏத்துக்க மாட்டாங்க” என்று வளவன் சிரித்தான். மண்டபமே சிரித்தது.

அதன்பிறகு மாலை ஷிப்டில் அவள் பிரஷ்களையும் கொதிநீரில் ஊறப்போட்டார்கள். பொன்னுத்தாய் தன் ஷிப்டில் பழையபடியே கழுவினாள். மூன்றே வாரத்தில் இழைகள் முறுக்கிக்கொண்டு கொக்கிபோல் ஆயின. அவள் இரண்டு முறை வளவனிடம் போய்ச் சொன்னாள். “வகுப்புல சொன்னபடி செய்ங்கம்மா” என்று அனுப்பிவிட்டான். அடுத்த முகூர்த்தத்துக்கு முன்தினம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மண்டபத்தின் சிவப்புக் கார்பெட்டை அந்தப் பிரஷ்கள் நடுவில் பஞ்சு பஞ்சாகப் பிய்த்துவிட்டன.

முருகானந்தம் விசாரித்தார். வளவன் பிரஷ் பராமரிப்பு நோட்டை நீட்டினான். மாலை ஷிப்டில் யாரும் கையெழுத்துப் போடும் வழக்கமில்லை. எல்லாப் பக்கத்திலும் பொன்னுத்தாயின் கோணல் கையெழுத்து மட்டும் இருந்தது.

“வெந்நீர் ஊத்தினது நானில்லைங்க சார். இந்தப் பொண்ணுக்குத் தெரியும், கேளுங்க.”

மாலை ஷிப்டில் இருந்த மஹ்ஜபீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அன்னிக்கு வகுப்புல எழுந்து சண்டை போட்டவங்கதானே நீங்க?” என்றார் முருகானந்தம். “இழை வளையும்னு முன்னாடியே சொல்லி வெச்சுட்டு, வேணும்னே வளைச்சுக் காட்டியிருக்கீங்க.”

வகுப்பில் அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பார்கள். சொன்னதால் குற்றவாளி ஆனாள். மறுநாளிலிருந்து ஒரு வணிக வளாகத்தின் கழிவறைகளுக்கு மாற்றினார்கள்.

பத்து நாள் கழித்து மஹ்ஜபீன் போன் செய்தாள்.

“அக்கா, புது பிரஷ் வந்திருக்கு. இனிமே என்னையே பார்த்துக்கச் சொல்லிட்டாங்க. நோட்டுல கையெழுத்தும் நான்தான். தண்ணி எவ்வளவு சூடு வைக்கணும், எந்தப் பக்கம் மாட்டணும்னு கொஞ்சம் சொல்லுங்கக்கா.”

பொன்னுத்தாய்க்குப் பதில் நுனிநாக்கு வரை வந்தது. அடுத்து மாட்டிக்கொள்ளப்போவது இந்தப் பெண்தான் என்றும் தெரிந்தது.

“வளவன் சாரைக் கேளு. அவருதான் கண்டுபிடிச்சாரு.”

போனை வைத்தாள். மறுபடி இரண்டு முறை அடித்தது. எடுக்காமல், கழிவறைத் தரையில் ஊற்ற ஆசிட் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாள்.