டயர் கடையிலிருந்து அழைப்பு

“குடும்மா, போன குடு—”

“யாருன்னு சொல்லு, குடுக்கறேன்.”

“டயர் கடை அண்ணன்னு எத்தன தடவதான்—”

“டயர் கடைக்காரன் ஏன்டா தெனமும் சாயங்காலம் கூப்புடறான்? நம்ம மோட்டாருக்கு ரெண்டே டயர்தான் லா.”

சசிதரனுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினேழு வயது, தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை. அம்மா கையிலிருந்து பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. பின்வாசல் வழியாக இறங்கிப் போய், செம்பனை மரங்களைப் பார்த்தபடி மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்துகொண்டான்.

நவமணி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழைப்பு வந்தால் இவன் பேசுவதே இல்லை. காதில் வைத்துக்கொண்டு நகத்தால் தட்டிக்கொண்டிருப்பான். காதல் கிறுக்கு என்றுதான் நினைத்திருந்தாள். புருஷன் தூரத்து ஜொகூரில் லாரி ஓட்டுகிறவன். குருணில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்தால் அவள் வாய் திறக்க இந்த ஒரு பிள்ளைதான். அவனும் ஒரு வருஷமாக ‘ம்’ என்பதோடு சரி. தனக்குக் கிடைக்காத காது வேறு எவளுக்கோ கிடைக்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

போன் பூட்டிக் கிடந்தது. ஆனால் வருகிற அழைப்பை எடுக்கப் பூட்டு தடையில்லை. ‘டயர் கடை’ என்று திரையில் மின்னியதும் எடுத்துக் காதில் வைத்தாள். தோடு போன் கண்ணாடியில் டொக்கென்று இடித்தது.

“ஒரு தட்டு. சரி, நீதான்,” என்றது ஒரு பெண் குரல். “ஹெல்ப்லைன் உமாராணி அக்கா பேசறேன் தம்பி. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்னா பேச வேணாம். எப்பவும் போல ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு.”

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அழகம்மா வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது. நவமணி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“நாளைக்கு சுங்கை பட்டாணி கிளினிக்ல எச்ஐவி டெஸ்ட். பயப்படாத. இல்லன்னு வந்தா, இனிமே எப்படிப் பாத்துக்கணும்னு பேசுவோம். இருக்குன்னு வந்தாலும் மருந்து இருக்கு. மாத்திர சாப்ட்டுட்டு வேலைக்குப் போறவங்க எத்தனையோ பேரு. ஆனா ஒனக்கு இன்னும் பதினெட்டு ஆவல. பெரியவங்க ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும். அதனாலதான போன வாரம் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்ட.”

போன வாரம். மழையில் தொப்பலாக வந்து நின்றவனை, எங்கேடா ஊர் சுற்றினாய் என்று அவள் கத்தியிருந்தாள்.

“அம்மாகிட்ட சொல்லுன்னதுக்கு மெசேஜ்ல என்ன எழுதின, ஞாபகம் இருக்கா? ‘அவங்க கத்துவாங்கக்கா, அப்புறம் அழுவாங்க. நடுவுல நான் பேச எடமே இருக்காது.’ அதையே நெனச்சிட்டு இருந்தேன்பா.”

ஜன்னலில் சசிதரனின் முதுகு தெரிந்தது. மோட்டார் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தான், நிறுத்தினான், திரும்பவும் துடைத்தான். துடைத்த கண்ணாடியில் அவன் எதையும் பார்க்கவில்லை.

“சொல்லு தம்பி. கூட வர ஆள் கெடைச்சாச்சா?”

நவமணி சுட்டுவிரலை மடக்கி போனின் முதுகில் வைத்தாள். ஒரு தட்டு. இரண்டாவதற்கு விரல் எழவில்லை.

அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று கேட்டது. சந்தோஷத்தில் அந்த அக்காவுக்குத் தட்டுக் கணக்கே மறந்துபோயிற்று.

“நல்லதாப் போச்சு. யாருப்பா வர்றாங்க?”