ஐந்தாவது பெயர்

பஞ்சு பழுப்பாக வருகிறது, ஈர்க்குச்சியில் புதுப் பஞ்சைச் சுற்றி ஸ்பிரிட்டில் நனைத்து ஃபிளாப்பி டிரைவில் டிஸ்க்கைப் படிக்கும் ஹெட்டில் வைத்து இழுக்கிறேன், மறுபடியும் பழுப்பு, காய்ந்த ரத்தத்தின் அதே நிறம், டிஸ்க்கின் மேல்பூச்சு உரிந்து ஒட்டிக்கொள்கிறது, எத்தனை தடவை துடைத்தாலும் தீராது போலிருக்கிறது, பரணில் இருபத்தைந்து வருஷம் கிடந்த இந்தச் சனியன் பிடித்த கம்ப்யூட்டரை நான் ஏன் இறக்கினேன், எல்லாம் போச்சும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எதிரே உட்கார்ந்திருக்கிற பெண் காலையிலேயே பஸ் ஏறியிருப்பாள். கலியபெருமாள் மகள் என்றாள், மணிமொழி என்று பெயர், அவரை வெட்டியபோது இவளுக்கு நாலு வயது. இறால் பண்ணையை எதிர்த்து அடித்த நோட்டீஸில் ஐந்து பெயர், ஐந்தாவதாக அவள் அப்பா பெயர், அதற்குத்தான் வெட்டினார்கள், பயத்தில் ஊரே அன்றைக்கு நோட்டீஸை அடுப்பில் போட்டுவிட்டது, நினைவுநாளுக்கு அதைப் பேனராகப் போடவேண்டுமாம், என் டி.டி.பி. கடையில்தான் அடித்தது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஊருக்கு அவர் தியாகி, வீட்டில் அப்படி இல்லை, அம்மா இன்னிக்கு வரைக்கும் அவரு படத்துக்கு ஒரு பூ வச்சதில்ல சார், பொண்டாட்டி புள்ளய நெனைக்காம பேரு குடுத்துட்டுப் போயிட்டாருன்னு படத்தப் பாத்தே திட்டும், நோட்டீஸ கண்ணால பாத்தாலாவது மனசு எறங்குமான்னு பாக்குறேன் என்றாள்.

நான் தலையை நிமிர்த்தவில்லை, டிஸ்க்கைச் செருகினேன், டிரைவ் டக் டக் என்று அடித்துக்கொள்கிறது, திரையில் ஒரு கேள்வி, டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, இப்போது செய்யட்டுமா, கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டினால் அழிந்துவிடும், அழிந்துவிட்டதம்மா என்று உதட்டைப் பிதுக்கலாம், விரல் அதன்மேல் போய் நின்றது, அட வெட்கங்கெட்டவனே என்று என்னையே திட்டிக்கொண்டு வேண்டாம் என்பதைத் தட்டுகிறேன். மூடியைக் கழற்றி ஹெட் ஓடும் கம்பியைப் பார்த்தால் கிரீஸ் பிசினாக இறுகிக் கிடக்கிறது, ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினேன், தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன், டக், டக், இதே சத்தம், அவரை வெட்டிய அன்றைக்கு, மீதி ஐந்நூறு நோட்டீஸைக் கேரியரில் கட்டிக்கொண்டு கலியபெருமாள் ஊருக்குச் சைக்கிள் மிதிக்கிறேன், சாயங்காலம் ஆறு மணி, நோட்டீஸ் காலையிலேயே பரவிவிட்டது, பெயர் கொடுத்த நாலு பேரும் வெயில் ஏறுவதற்குள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், கலியபெருமாள் மட்டும் பள்ளிக்கூட மைதானத்தில் சாவகாசமாகக் கைப்பந்து வலை கட்டிக்கொண்டிருக்கிறார், பண்ணை ஆட்கள் மூன்று பேர் வருகிறார்கள், முதல் வெட்டு தோளில் விழுகிறது, டக், கை இன்னும் வலைக்கயிற்றை விடவில்லை, இரண்டாவது வெட்டில் கயிறும் விரலும் சேர்ந்து விழுகின்றன, நான் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொள்கிறேன், நோட்டீஸ்லயா பேரு போடுற என்று ஒருவன் அதைக் கசக்கி அவர் வாயில் திணிக்கிறான், திணிப்பதற்கு முன்னால் அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது, நான் பேரு குடுக்கலண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. உயிர்பயத்தில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அதைச் சொல்லித்தான் சாப்பிட்டேன், தூங்கினேன், கல்யாணம் செய்துகொண்டேன்.

ஏழாவது தடவை துடைத்துச் செருகியபோது ஹெட் தட்டவில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று, ஃபைல் திறந்தது, மிஷினில் இருந்த பழைய தமிழ் ஃபான்ட் அழிந்துபோயிருக்கிறது, திரை முழுக்கக் கன்னாபின்னா எழுத்து, எங்கப்பா பேரு இருக்கா சார் என்று அவள் எழுந்து வந்து குனிந்து பார்க்கிறாள், அவளுக்கு ஒன்றும் புரியாது, எனக்குப் புரியும், எந்தக் கட்டைக்கு எந்த எழுத்து என்று என் விரலுக்குத் தெரியும். ஐந்து வரி, நாலு பெயர் வெறும் பெயர், ஐந்தாவது பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், அந்த வட்டத்தைப் போட்டவன் நான், முந்தின வாரம் அடித்த கைப்பந்துப் போட்டி நோட்டீஸுக்குப் பந்து மாதிரி இருக்கட்டும் என்று ஒவ்வொரு பெயருக்கும் போட்டேன், கலியபெருமாள் அந்தப் போட்டிக்குப் பொருளாளர், மறுவாரம் இறால் பண்ணைக்காரர்கள் மேல் நோட்டீஸ் அவசரம் என்று வந்தபோது புதிதாகப் பார்டர் கட்டச் சோம்பல்பட்டு அதே ஃபைலைத் திறந்து மேலே விஷயத்தை மாற்றினேன், கீழே நாலு பெயரை மாற்றினேன், ஐந்தாவதை அழிக்கவில்லை. மறந்துபோனேன், அவ்வளவுதான், ஒரு மனுஷனை மறந்துபோய்க் கொன்றிருக்கிறேன். இருக்கிறதம்மா என்று சொன்னால் போதும், பேனர் போடுவாள், எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போவாள், அந்த அம்மா படத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே செத்துப்போகும்.

ஒங்கப்பா பேரு குடுக்கலம்மா, அவருக்கு எதுவும் தெரியாது, நாந்தான் கைப்பந்து நோட்டீஸ்ல இருந்த பழைய பேர அழிக்காம விட்டுட்டேன், வெட்டுனப்ப அதைத்தான் சொன்னாரு, நான் கேட்டுக்கிட்டு ஒளிஞ்சிருந்தேன். நான் விரல் வைத்துக் காட்டிய வட்டத்தை அவள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அறைந்தாள், நாற்காலியோடு போய்ச் சுவரில் மோதினேன், மறுபடி அறைந்தாள், உதடு கிழிந்தது, நான் கையைத் தூக்கவில்லை, மூன்றாவது அறைக்கு ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது, அவள் அழவில்லை, மூச்சுத்தான் இரைந்தது. எங்கம்மா உசுரோட இருக்கு, வந்து ஒங்க வாயால சொல்லுங்க, அவங்க என்ன செஞ்சாலும் வாங்கிக்கிங்க. மேஜையில் கிடந்த ஈர்க்குச்சியை எடுத்து உதட்டில் வைத்தேன், ஸ்பிரிட் சுரீரென்று எரிந்தது, பழுப்புக்கு மேல் பஞ்சு சிவப்பாக வந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டே கடையைப் பூட்டி அவள் பின்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.