பின்னால் கேட்க வேண்டிய குரல்

என் மாமனார் எந்தப் பொருளையும் முதலில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். துணிக்கடைக்காரர். அன்று அந்த மாடி அறையில் அவர் தேய்த்துக்கொண்டிருந்தது ஒரு பழைய என்லார்ஜரின் கறுப்புத் துருத்தியை.

"நைஞ்சு போச்சே," என்றார்.

நையவில்லை. பிலிமில் நகக்கண் அளவு இருக்கும் முகத்தைக் காகிதத்தில் உள்ளங்கை அகலத்துக்கு விரிக்கும் அந்த இயந்திரம், தூண் சாயாமல், லென்ஸில் கீறல் இல்லாமல் ஜம்மென்று நின்றது. நான் ஜன்னலைப் பார்த்தேன். வாங்க வந்த பொருளை ஆசையாகப் பார்த்தால் விலை ஏறிவிடும். நானும் வியாபாரி வீட்டுப் பிள்ளைதான். எங்கள் அப்பா, யார் சாவுக்கு மாலை வாங்கினாலும் ஒரு பூ வாடியிருக்கிறது என்பார்.

விற்பவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வெங்காயத்துக்குக்கூடப் பேரம் பேசியிருக்க மாட்டார் போல. விலையை ஒரே தடவை, நியாயமாகச் சொன்னார். அதுதான் மாமாவுக்குப் பிடிக்கவில்லை.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. பகலில் அவர் கடை, இரவில் அவர் வீடு. எங்கள் படுக்கையறையில் மாமியாரின் பீரோ இருக்கிறது. எந்த நேரத்திலும் அவருக்கு ஒரு போர்வை தேவைப்படும். மாடிப்படிக்கு அடியில் துணி மூட்டை போடும் அறையை, போட்டோ கழுவும் இருட்டறைக்குக் கேட்டேன். படம் போடும்போது கதவைத் திறந்தால் காகிதம் பாழாகிவிடும், யாரும் தட்டக்கூடக் கூடாது என்றேன். "மெஷின் வரட்டும், மூட்டைய எடுத்துடலாம்," என்றார் மாமா. படம் போடுவது எனக்குப் பிடிக்கும்தான். ஆனால் உள்பக்கம் போடுகிற அந்தத் தாழ்ப்பாளை நினைத்துத்தான் ஆசையில் தூக்கம் வரவில்லை.

"சார், இதை இப்ப யாரு சீந்துறா? நாங்க தூக்கிட்டுப் போறதே உங்களுக்கு உபகாரம்," என்று பாதி விலைக்குக் கேட்டார் மாமா.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உபகாரமெல்லாம் வேணாங்க. அது பாட்டுக்கு நிக்கட்டும்."

"வாங்க மாப்ள, போலாம்."

வாய் 'வாங்க' என்றது. கை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. எங்கள் கடையில் வாடிக்கையாளர் இப்படி எழுந்து போனால், படி இறங்கும்வரை விட்டுவிட்டுக் கூப்பிடுவோம். அவர்களும் அதற்காகவே மெதுவாக இறங்குவார்கள். நாங்களும் மெதுவாகத்தான் இறங்கினோம். மேலே சத்தமே இல்லை.

"மாமா, அவரு வாத்தியாரு. நெஜமாவே போறோம்னு நினைச்சுக்குவாரு."

"கூப்பிடுவான். திரும்பிடாதீங்க, கெட்டுது காரியம்."

"அவரு சொன்ன வெலைக்கே எடுத்துக்கறேனே."

"யாரு காசுல, மாப்ள?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

தெருவுக்கு வந்தும் ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை. சீட்டைத் துடைத்தார். டயரை உதைத்துப் பார்த்தார். பெட்ரோல் மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மூடினார். பிறகு சாவியைப் போட்டார். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

கைப்பிடியின் கண்ணாடியில் மாடி பால்கனி ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதற்குள் வாத்தியார் வந்து நின்றார். ஒரு கையை உயரத் தூக்கினார். எங்களைக் கூப்பிடத்தானா, கொடியில் காயும் சட்டையை எடுக்கத்தானா என்று அவ்வளவு சின்ன உருவத்தில் தெரியவில்லை. நான் குனிந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன். வண்டி உறுமியது. கண்ணாடி நடுங்க, தூக்கிய கையும் நடுங்கியது.