டயர் கழற்றிய சுவர்

அன்று காலை வாயில் பிரஷ்ஷோடு என் கணவர் ஒரு கணக்குப் போட்டார். மேற்பார்வையாளர் தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது. புத்தகக் கணக்குகள் தீர்ந்துபோனதால் கிடங்கில் தான் தள்ளும் தண்டவாள வண்டியையே கணக்காக்கிக்கொண்டார். சரக்கோடு எண்ணூறு கிலோ, நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகம். தண்டவாளம் முடிகிற சுவரில் பழைய டயர்களைக் கட்டியிருப்பார்கள். ஆட்கள் அதில் முதுகைச் சாய்த்து, வரும் வண்டியை உள்ளங்கையால் வாங்குவார்கள். டயர் அமுங்கும். வண்டி நிற்க 0.6 நொடி.

“உந்தம் ஆயிரத்து இருநூறு. நேரத்தால வகுத்தா விசை ரெண்டாயிரம். என் முதுகுக்கு எப்பவோ தெரிஞ்ச விடை.”

“அலகு எங்கங்க? அதை முதுகு சொல்லித் தரலையா?”

“நியூட்டன்னு போடலைன்னா உலகம் கவுந்துடுமா? வந்து போட்டுக்கறேன், வாத்தியாரம்மா.”

பதினொன்றரை மணிக்குக் கிடங்கிலிருந்து ஆள் வந்து சொன்னான், வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கி அவர் போய்விட்டார் என்று.

ஒன்பதாம் நாள் விசாரணை. மேலாளர், வெளியிலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி, நான். அறிக்கையைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள். ‘தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்’ என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

“வண்டி நடக்கிற வேகத்துலதாம்மா வந்துச்சு,” என்றார் மேலாளர். “தினமும் நிறுத்துறவர். அன்னைக்கு மனசு எங்கேயோ இருந்திருக்கு.”

“சுவத்துல டயர் இருந்துச்சா?”

“வெள்ளையடிக்கக் காலையில கழட்டினாங்க. டயர் இல்லாததா ஒரு காரணம்?”

ஏழு வருடம் டயர் இருந்த இடம். அவர் திரும்பிப் பார்க்காமலே சாய்ந்தார் என்று கூட நின்றவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

அறிக்கையைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன். ஒரு சுழி பிசகினாலும் பழி அவர் தலையிலேயே நின்றுவிடும்.

“வண்டி அதே வண்டி, வேகம் அதே வேகம். உந்தம் மாறல. நேரம்தான் மாறுச்சு. சுவர் அமுங்காது. 0.1 நொடின்னு வெச்சா விசை பன்னிரண்டாயிரம்.”

“அம்மா, இது பள்ளிக்கூடம் இல்ல.”

“சரி, உங்க ஐம்பது கிலோ மூட்டையிலயே சொல்றேன். டயர் இருந்தா நாலு மூட்டை மேல சாஞ்ச மாதிரி. இல்லைன்னா இருபத்து நாலு. நீங்க தாங்குவீங்களா?”

அதிகாரி தாளை வாங்கினார். பேனா முனை வரிவரியாக இறங்கியது. வகுத்தலில் நின்றது. மறுபடி மேலே போனது.

“கணக்கு சரி,” என்றவர் மேலாளரிடம் திரும்பினார். “டயரைக் கழட்டினதை அவர்கிட்ட யார் சொன்னது?”

“அவசரத்துல யாரும் சொல்லல சார்,” என்று மேலாளர் தாளுக்குக் கை நீட்டினார்.

அதிகாரி தாளைத் திருப்பி, ‘கவனக்குறைவு’ என்ற வரியை அடித்தார். ‘தடுப்பு டயர்கள் அகற்றப்பட்டன, தொழிலாளிக்குத் தெரிவிக்கப்படவில்லை’ என்று மேலே எழுதினார். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

அவருடைய நோட்டு இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில், 2000. பக்கத்தில் அலகு இல்லை.