கதவில் குந்திய துரை

தேயிலைத் தோட்டத்தின் பெரட்டுக் களத்தில் ஆட்கள் காலை வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்க, எதிரே புதுக் கக்கூஸின் கதவில் துரை குந்தியிருந்தார். சுண்ணாம்பும் அடுப்புக்கரியும் கொண்டு வரைந்த துரைதான். ஆனாலும் தொப்பியும் மீசையும் அச்சு அசல். பக்கத்தில் கங்காணி பெரியமுத்து, தலைப்பாகை கலையாமல் முக்கிக்கொண்டிருந்தார். அடுத்து, முதுகில் கொழுந்துக்கூடையோடு ஒரு பெண். மூவர் முகத்திலும் ஒரே பாடு.

வரைந்தவள் அழகுத்தாய். தோட்டத்து ஆட்களுக்குக் கக்கூஸ் கட்டச் சட்டம் வந்துவிட்டதே என்று போன மாதம் கட்டிய கக்கூஸ் அது. சோதிக்க வரும் அதிகாரியின் கண்ணில் முதலில் படட்டுமென்று, கதவைக் களத்தைப் பார்த்து வைக்கச் சொன்னது துரையின் மூளை. மாலை போட்டு, தேங்காய் உடைத்துத் திறந்தார்கள். அதன்பின் ஒரு பெண்ணும் உள்ளே போகவில்லை. அத்தனை ஆண்கள் பார்க்க எப்படிப் போவது? மலையிலோ கவாத்து வெட்டிய காடு. மறைவுக்கு ஒரு செடி கிடையாது. அழகுத்தாயின் மகள் பூமாரி, ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, நாள் முழுக்க அடக்கி அடக்கி, நீர்க்கடுப்புக் காய்ச்சலில், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் கிடந்தாள். கம்பவுண்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்துவிட்டு எங்கே போவதென்று சொல்லவில்லை.

“ஏடி, கங்காணிக்கும் வருமாடி?” என்றாள் ராமுத்தாய், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு. வரிசை குலுங்கியது.

“வரஞ்சவ முன்னால வரலைன்னா, இன்னைக்கு ஒருத்தி பேரும் ஏறாது” என்றார் பெரியமுத்து. வரிசை அடங்கியது.

பேரை வெட்டினால் லயத்து வீடும் போகும். மகளுக்குப் பிரசவம் எந்த ரோட்டோரத்தில்? அழகுத்தாய் முந்தானையை இடுப்பில் செருகினாள். முன்னால் வந்தாள். கங்காணி பேரேட்டை விரித்து, காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

அதற்குள் மூணாற்றுப் பாதையில் ஜீப் வந்து நின்றது. துரை இறங்கிக் கதவை வெகுநேரம் பார்த்தார். தொப்பிக்காரன் யாரென்று கங்காணியைக் கேட்டார். பன்னிரண்டு வருடமாக ஓயாத அந்த வாய், சரியாகத் தெரியவில்லை என்றது. துரை அழகுத்தாய் பக்கம் திரும்பினார்.

“நீங்கதான்யா. ஒங்களுக்கும் வரும், எங்களுக்கும் வரும். நீங்க பங்களாவுல போறீக. எங்களை ஊரே பாக்குது.”

துரையின் கழுத்து சிவந்தது. கோபமா, வேறேதாவதா என்று சொல்ல முடியவில்லை. கைத்தடியால் கதவைத் தள்ளி உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

ஆண்களுக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒருவன் திரும்பினான், பின் அடுத்தவன். சற்று நேரத்தில் களம் முழுக்க முதுகுகள். பென்சிலை அழகுத்தாயின் பேர்மேல் வைத்தபடியே பெரியமுத்துவும் மலையைப் பார்த்துத் திரும்பினார்.

ராமுத்தாய் மெல்ல நடந்து, கதவுக்கு வெளியே, அடுத்த ஆளாகப் போய் நின்றாள்.