முப்பதாவது தொட்டி

1

இந்தக் கதை எனக்குத் துறையூர் பஸ்ஸில் கிடைத்தது. முன்சீட்டு அம்மாள் ஒருத்தி, "மண்ணை இட்லிப் பானையில வெச்சு அவிக்கிறாங்களாம்" என்றாள். பக்கத்திலிருந்தவள், "தொட்டுக்க என்னவாம்?" என்று கேட்டாள். இவ்வளவுதான் நிஜம். சிரித்த சிரிப்பில் திருவெள்ளறையில் இறங்க வேண்டிய நான் அடுத்த ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி நடந்து வந்தபோது மீதியை இட்டுக்கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: 'காவிரியில் வெறும் மணல் மட்டும் கிடந்த 1983ஆம் ஆண்டு, வானத்தை அண்ணாந்து பார்த்த...'

வேண்டாம். வறட்சி என்றாலே என் பேனா அழ ஆரம்பித்துவிடும். லூர்துராணி அழுகிற ஆள் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: மேலப்புதூர் லூர்துராணி கல்லூரியில் தாவரவியல் ஆராய்ச்சி செய்பவள். வேருக்குள் குடியேறி, வேர் எட்டாத இடத்து ஈரத்தையும் சத்தையும் இழுத்துக் கொடுக்கும் நல்ல பூஞ்சை ஒன்று மண்ணில் உண்டு. அது துணையிருந்தால் தண்ணீர் குறைந்தாலும் நிலவேம்பு தாக்குப்பிடிக்குமா? இதுதான் அவள் கேள்வி. அவித்துச் சுத்தம் செய்த மண்ணில் அறுபது தொட்டி வைத்தாள். முப்பதில் பூஞ்சை சேர்த்தாள். முப்பதை வெறும் மண்ணாக விட்டாள். எல்லாவற்றுக்கும் மூன்று நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். கல்லூரிக் கிணறு வற்றியதும் தொட்டிகளை வண்டியேற்றி, திருவெள்ளறையில் ஆடு வளர்க்கும் இருளாயியின் வீட்டுக் கொல்லையில் இறக்கி, தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும் அவளிடமே விட்டாள்.*

வெறும் மண் தொட்டிகள் வாடினால்தான் பூஞ்சையின் பெருமை தெரியும், அவளுக்கும் பட்டம் கிடைக்கும். செடி வாடக் காத்திருப்பவளைக் கதாநாயகி என்று எழுத எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அவளுக்கும் இருந்தது. (மறக்காமல் சேர்க்க: ஆராய்ச்சியை முடிக்க இரண்டு முறை கெடு நீட்டி வாங்கியாயிற்று. பரீட்சகரே சொன்னாலொழிய மூன்றாவது முறை கிடையாது.)

* நிலவேம்பின் கசப்புக்கு ஆடு வாய் வைக்காது. வைத்திருந்தால் கதை இங்கேயே முடிந்து எனக்கும் வேலை மிச்சமாகியிருக்கும்.

3

"அந்த மண்ணுல அப்படி என்னங்க டீச்சரம்மா இருக்கு?" என்று இருளாயி கேட்டாள்.

பூஞ்சை என்றால் கெட்டுப்போன ஊறுகாய்தான் ஞாபகம் வரும். லூர்துராணி யோசித்து, "பாலுக்கு உறைமோர் ஊத்துறீங்கல்லக்கா, அது மாதிரி. ஒரு கை மண்ணு போதும். மத்ததை அதுவே பாத்துக்கும்" என்றாள். அழகாக விளக்கிவிட்டோம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினாள். அந்த வாரமே அவளுக்கு அம்மை போட்டது. ஒரு மாதம் வீட்டோடு கிடந்தாள்.

[இங்கே இருளாயியை ஒரு பக்கத்துக்கு ஞானியாக்கிப் பார்த்தேன். 'மண்ணின் மனம் அறிந்த அந்த...' அடித்துவிட்டேன். உறைமோர் கேட்டு வந்தவளை வெறும் டம்ளரோடு அனுப்பிப் பழக்கமில்லாதவள் அவள், அவ்வளவுதான்.]

4

உடம்பு தேறி லூர்துராணி வந்து பார்த்தால், கொல்லை முழுக்க ஒரே பச்சை.

"என்னக்கா இது! தண்ணி ஊத்திட்டீங்களா?"

இருளாயிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரு சொட்டு அதிகமா ஊத்தலைங்க. நீங்க சொன்ன நாளு, சொன்ன டம்ளரு. வேணும்னா எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க."

"பின்ன எப்படி?"

"நீங்க சொன்னதுதாங்க. நல்லா இருந்த தொட்டி வேரடியிலேருந்து ஒவ்வொரு கை எடுத்து, வாடின தொட்டிக்கு வெச்சேன். எப்படி புடிச்சுக்கிச்சு பாருங்க!"

லூர்துராணி துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. மூன்று வருடமாக அவள் நிரூபிக்கப் பார்த்தது கண்ணெதிரே தழைத்து நிற்கிறது. பக்கத்தில் வைத்து ஒப்பிடத்தான் வாடிய செடி இல்லை. அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் அவளுடைய பேராசிரியர் ஸ்தனிஸ்லாஸ், வெளியூர்ப் பரீட்சகரைத் தொட்டிகளைப் பார்க்க அழைத்து வருகிறார்.

5

முடிவு அ: பரீட்சகர் பச்சையைப் பார்த்துக் கைதட்டுகிறார். (கைதட்டுகிற பரீட்சகரை நான் கண்டதில்லை.)

முடிவு ஆ: முப்பதும் வாடிவிட்டதாக லூர்துராணி எழுதிக் கொடுத்துவிடுகிறாள். பாதி வாக்கியம் எழுதினேன். அவள் என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

முடிவு இ: கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்துக்குப் பின்னால் ஒரு தொட்டி. முப்பதாவது. டம்ளர் தண்ணீர் தவறாமல் கிடைத்திருக்கிறது, கைமண்தான் கிடைக்கவில்லை. இலையெல்லாம் தொங்கிவிட்டது, தண்டில் மட்டும் கொஞ்சம் பச்சை. ஒற்றைச் செடியை வைத்துப் பட்டம் வாங்க முடியாது. ஆனால் பரீட்சகரிடம் காட்டி, நடந்ததைச் சொல்லி, இன்னொரு வருடம் கேட்கலாம். அதற்கு இது வாடியே இருக்க வேண்டும். மூன்று வாரம் வாடினால் பிழைக்காது.

"ஐயோ, இது ஒண்ணு விட்டுப்போச்சே!" என்று இருளாயி பக்கத்துத் தொட்டி வேரடியில் கைவிட்டு ஒரு பிடி மண் அள்ளிவிட்டாள்.

லூர்துராணி வாயைத் திறந்தாள். 'வேணாங்கக்கா' என்று எழுதிப் பார்த்தேன். 'போடுங்கக்கா' என்றும் எழுதிப் பார்த்தேன். அவள் முகத்துக்கு இரண்டுமே பொருந்துகிறது.

கொல்லைப் படல் திறந்துதான் இருக்கிறது, உள்ளே வாருங்கள். மண்ணை ஏந்தியபடி இருளாயி உங்களைத்தான் பார்க்கிறாள். அவளுக்குக் கை வலிக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?