உள்பக்கத்து வெட்டு

"இன்னும் கொஞ்சம் அழுத்துடீ" என்றாள் அம்மா அமல்ராணி. ஜெசிந்தா இறந்துபோன அப்பாவின் குதிகாலைத் தாங்கிக்கொண்டு கறுப்பு ஷூவைத் தள்ளினாள். நுழையவில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து கிளியனூர் வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் கால் விறைத்துவிட்டது.

ஷூ உருவாவது கால் வடிவ அச்சின் மேல். தோலை அதன்மேல் இழுத்து ஒட்டுவார்கள். பிறகு அச்சு வெளியே வரவேண்டுமே, அதற்காக அதன் நடுவில் ஒரு கீல் வைத்திருப்பார்கள். மடக்கினால் கழன்றுவிடும். திண்டிவனம் கம்பெனி மேல்தோல் மட்டும் தைக்கிற ஒற்றை ஷெட்டாக இருந்தபோதே சேர்ந்தவர் அப்பா சூசைமுத்து. முழு ஷூவுக்கு மெஷின்கள் வந்ததும் அங்கே முதல் அச்சைக் கழற்றியவர் அவர்தான்.

அவர் காலில் கீல் இல்லை.

"கோட்டு போட்டுட்டு வெறுங்காலோடயா பொட்டியில வைக்கிறது? கம்பெனி குடுத்த ஷூ. உங்க சாரு வர்றாரு இல்ல, பாக்கட்டும்."

ஜெசிந்தாவின் பயமே அதுதான். எல்லாம் ஏற்றுமதிச் சரக்கு. கம்பெனி யாருக்கும் ஷூ கொடுத்ததில்லை. சோதனையில் தேறாத ஜோடியைக்கூட, மறு காலைப் பார்த்திருக்கும் உள்பக்கம் கத்தியால் கிழித்துத்தான் குப்பையில் போடுவார்கள். கிழித்ததை யார் எடுத்தாலும் கேள்வியில்லை. கிழிக்காதது வெளியே இருந்தால் திருட்டு. கேட்டில் பையைத்தான் தடவுவார்கள். அப்பா காலில் மாட்டிக்கொண்டே வந்திருக்கவேண்டும். போன வருடம் ஒருத்தி வீட்டில் இப்படி ஒரு ஜோடி கிடைத்தபோது, அங்கேயே வேலை பார்த்த அவள் தம்பியையும் சேர்த்து வேலையைவிட்டு நிறுத்தினார்கள். ஜெசிந்தா அதே கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள்.

வாசலில் கார் நின்றது.

"வந்துட்டாருடீ. ஜல்தி!"

"கத்தியக் குடும்மா. வெட்டுனாத்தான் நுழையும்."

"பின்பக்கமா வெட்டு, தெரியாது. ஏன்டீ உள்பக்கம் கைய வைக்கிற?"

ஜெசிந்தா இரண்டு ஷூவிலும் உள்பக்கமே கத்தியை வைத்தாள். இரண்டே இழுப்பு. கால்கள் நுழைந்தன.

குவாலிட்டி மேனேஜர் புகழேந்தி மலர்வளையத்தோடு வந்தார். வளையத்தைக் கால்மாட்டில்தான் வைக்கவேண்டும். குனிந்தவரின் கண், பழக்கத்தில், ஷூவின் உள்பக்கம் போனது.

அப்போதுதான் ஜெசிந்தாவும் கவனித்தாள். சாயம் தோலின் மேலோடு நின்றுவிடும். உள்ளே, பதனிட்ட தோலின் வெளிறிய நீலம். பழைய வெட்டென்றால் அழுக்கேறி மங்கியிருக்கும். இது பளிச்சென்று தெரிந்தது.

"கம்பெனி குடுத்ததுங்க சார்" என்றாள் அமல்ராணி. "ஒரு நாளு போட்டுக்கினு வந்தாரு. அப்புறம் தொடவே இல்ல."

புகழேந்தி நிமிரவில்லை. ஜெசிந்தாவின் கையில் கத்தி இன்னும் இருந்தது. அதை முந்தானைக்குள் மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அவர் கை, சரிந்த மாலையை ஒதுக்குவதுபோலக் கீழே போனது. கால்மாட்டு ஊதுவத்தியின் சாம்பலைத் தொட்டது. ஒரு வெட்டின் மேல் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தார். பிறகு அடுத்ததன் மேல். நீலம் மங்கி, பழைய வெட்டுப்போல ஆனது. அதன்மேல் வளையத்தைச் சாய்த்தார்.

"சூசைமுத்துவுக்கு எட்டாம் நம்பர் காலு" என்றார் யாரிடமோ.

எழுந்து கும்பிட்டார். குவிந்த கைகளில் ஒரு கட்டைவிரல் மட்டும் சாம்பல் பூத்திருந்தது.